வெற்றேடும் விதியும்

சித்திரங்கள் அசைந்தாடும் சினிமா என்றால் அது சிறுவர் வேடிக்கை என்று தள்ளிவிடுவோர் நம்மவருள் பலர். நாம் அவ்வாறு தள்ளுவதற்கில்லை. 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டிரீம்வொர்க்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘குங்பூ பாண்டா’ என்னும் படம், பிறப்பினால் தொழில் அமையுமோ என்னும் பழைய வினாவைக் கையிலெடுக்கிறது. பிள்ளைகளின் உள்ளத்தில் பதிவதே நாளைய சமூகத்தின் எண்ணமாகும். ஆதலின் அதன் குணமும் குற்றமும் நாடுதல் நம் கடமையாகும்.

முதற்கண் குணம். போ என்னும் பாண்டாக் கரடி, சீனத்துப் பள்ளத்தாக்கொன்றில் மீ கடை நடத்தும் வாத்தின் வளர்ப்பு மகன். மீ விற்பது நம் குருதியிலேயே ஓடுகிறது என்கிறார் தந்தை. அந்தக் குலத்தொழில் வந்த வழியாதோ? அவருடைய பாட்டனார் மாஜோங் ஆட்டத்தில் நண்பனிடம் வென்ற கடையாம்! பால்வெட்டுக்காரன் மகனுக்குப் பால்வாளியே கதி என்று உரைத்தவர்களுக்கு இதைவிடக் கூரிய விடை வேறுண்டோ?

வீர ரகசியம் அடங்கியதென்று எல்லாரும் போற்றும் ஏட்டைப் பிரித்தால், அதில் ஓரெழுத்துமில்லை. பார்ப்பவன் முகமே அதில் தெரிகிறது. மந்திரமில்லை, மறைபொருளில்லை என்று இத்துணை எளிதாக உரைத்த படங்கள் சிலவே. புலி, குரங்கு, கொக்கு, பாம்பு, கும்பிடுபூச்சி ஆகிய ஐவரும் சீனரின் மெய்யான போர்முறைகள் ஐந்தின் உருவங்கள். சண்டைக் காட்சிகளும் குழப்பமின்றி, ஒவ்வோர் அடியும் கண்ணுக்குப் புலப்படுமாறு அமைந்துள்ளன. மாணவனின் இயல்பறிந்து, உணவைக் காட்டியே போவுக்குக் கலை பயிற்றும் ஆசான் ஷீபூ, நம் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு பாடமாவார்.

இனிக் குற்றம். ஏட்டில் ரகசியமில்லையென்று சாதித்த படம், வீரனைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு? ஊக்வே என்னும் முதிய ஆமையின் ஒற்றை விரலால்! இளமை முதல் உழைத்துத் தேர்ந்த பெண்புலியின் எதிரே போ வானத்திலிருந்து விழுகிறான்; தற்செயல் என்பதே இல்லையென்று ஆமை அவனையே சுட்டுகிறது. குலவிதியை வாசல் வழியே துரத்திவிட்டு, தெய்வவிதியைக் கொல்லை வழியே அழைத்து வருவது என்ன நியாயம்?

பனிச்சிறுத்தை டாய் லுங்கின் வழக்கைப் பாருங்கள். ஊரை அழித்தது அவன் குற்றமே, அதற்கு மன்னிப்பில்லை. ஆனால் அவன் எக்குற்றமும் புரியுமுன்னரே, உள்ளத்தில் இருள் கண்டதாகக் கூறி ஏட்டை மறுத்தது எவ்வகை நீதி? எலும்பு நோக உழைத்தவனுக்குக் காரணமும் கூறாமல் கதவடைப்பது நீதியாகுமோ?

போவும் பாடுபட்டே வென்றான் என்பர் சிலர். பட்டான், மறுக்கவில்லை. பெண்புலி அவனினும் நெடுங்காலம் பட்டாள். பாடு இருவருக்கும் பொது. வாய்ப்பு மட்டும் ஒருவனுக்கே என்பதுதான் நம் குறை.

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் தோழர்களே! பிள்ளைகளுக்கு இப்படத்தைக் காட்டுங்கள். காட்டியபின், ‘அந்தப் புலிக்கு ஏன் ஏட்டைத் தரவில்லை?’ என்று அவர்களைக் கேளுங்கள். ஏடு வெறுமையென்றால் அதை விரித்துப் பார்க்கும் உரிமை எல்லார்க்கும் உண்டு. விரல் நீட்டித் தெரிந்தெடுக்க ஓர் ஆமை எதற்கு?