டீ செலவு

தமிழ் வளமான மொழி. லஞ்சத்துக்கு மட்டும் எத்தனை பெயர் பாருங்கள்! தாலுகா ஆபீஸில் கொடுத்தால் லஞ்சம். கான்ட்ராக்டர் கொடுத்தால் கமிஷன். மாதா மாதம் தவறாமல் கொடுத்தால் மாமூல். பியூனிடம் கொடுத்தால் அன்பளிப்பு. சிக்னல் தாண்டி, மரத்தடியில், ஆர்.சி. புக்குக்குள் மடித்து வைத்து நீட்டினால் அதற்குப் பெயர் டீ செலவு.

ஒரு டீ 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 200 ரூபாய்க்கு 13 டீ. ஒரு காலை வேளையில் நம்மைப் போல 20 பேர் மாட்டினால் 260 டீ. ஒரு மனுஷன் இத்தனை டீ குடித்தால் ராத்திரி தூக்கம் எப்படி சார் வரும்? வருகிறது. அதுதான் பிரச்னை.

உடனே, "எல்லாப் போலீஸ்காரரும் அப்படியா?" என்று சண்டைக்கு வராதீர்கள். இல்லை. மே மாத வெயிலில், பஸ் புகையில் நாள் முழுக்க நின்று கை காட்டிவிட்டு, வெறும் சம்பளத்தோடு வீட்டுக்குப் போகிற ஏட்டையாக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சல்யூட். நான் சொல்வது மற்றவர்களைப் பற்றி. முக்கியமாக, அந்த மற்றவர்களின் வாடிக்கையாளர்களான நம்மைப் பற்றி.

வாடிக்கையாளர் என்று தெரிந்துதான் சொல்கிறேன். தினமும் ஏதோ ஒரு சிக்னலில் நடக்கிற வியாபாரம் இப்படித்தானே இருக்கிறது?

"ஹெல்மெட் எங்க?"

"டேங்க் மேல இருக்கு சார்."

"டேங்குக்கா தலை இருக்கு? ஆயிரம் ரூபா ஃபைன். வண்டிய ஓரங்கட்டு."

"சார்... ஆபீஸுக்கு லேட்டாகுது சார். கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க சார்."

கவனியுங்கள். இந்த இடத்தில் அவர் இன்னும் எதையும் கேட்கவே இல்லை. "பார்த்துப் பண்ணுங்க" என்று கடையைத் திறந்தது நாம். அவர் ஷட்டரைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டார். அவ்வளவுதான்.

இந்தக் கடையின் கணக்கைப் பார்ப்போம். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி அபராதங்களை ஏற்றினார்கள். தமிழ்நாட்டில் அது 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தது. ஹெல்மெட் போடாவிட்டால் 100 ரூபாயாக இருந்த அபராதம் 1,000 ஆயிற்று. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000, அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். ஜனங்கள் பயந்து திருந்துவார்கள் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் நூறு ரூபாய் அபராதத்தில் பேரம் பேச என்ன பெரிய இடம் இருந்தது? ஆயிரம் ஆனதும் பேரம் பேசுகிற மைதானம் பத்து மடங்கு பெரிசாகிவிட்டது. கவர்மென்டுக்கு 1,000, இல்லாவிட்டால் மரத்தடியில் 200. ஆடித் தள்ளுபடியில்கூட 80 பர்சென்ட் தரமாட்டார்கள் சார்!

"சரி, எனக்கு 800 ரூபாய் லாபம், அவருக்கு 200 ரூபாய் லாபம். யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆபீஸ் கேன்டீனில் ரொம்பப் பேர் கேட்கிறார்கள்.

நஷ்டம் இதுதான். அந்தக் கடை உங்களுக்காக மட்டும் திறந்திருக்கவில்லை. நீங்கள் போன பத்தாவது நிமிஷம் பிரேக் பிடிக்காத டாரஸ் லாரி அங்கே வருகிறது. ராத்திரி பதினோரு மணிக்கு டாஸ்மாக்கிலிருந்து நேரே கிளம்பின கார் வருகிறது. லைசென்ஸே எடுக்காத பதினாறு வயசுப் பையன் அப்பா பைக்கில் வருகிறான். அவர்களும் "பார்த்துப் பண்ணுங்க சார்" என்கிறார்கள். கடைக்காரர் அவர்களுக்கும் பார்த்துப் பண்ணுகிறார். ரேட் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த திருப்பத்தில் அந்த லாரி யாருக்கு எதிரே வரும் என்பது ரசீதில் எழுதியிருக்காது. ரசீதுதான் கிடையாதே!

2022-ல் தமிழ்நாட்டுச் சாலைகளில் செத்துப்போனவர்கள் 17,884 பேர். தினம் சராசரியாக 49 பேர். அதே வருஷம் இந்தியா முழுவதும் ஹெல்மெட் போடாமல் போய் உயிரை விட்டவர்கள் 50,000 பேருக்கு மேல். மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு இது. இதில் எத்தனை பேர் ஏதோ ஒரு மரத்தடியில் "சரி, போ" என்று அனுப்பப்பட்டவர்கள் என்பதற்கு யாரிடமும் கணக்கு இல்லை. அந்த "சரி, போ"வுக்கு ரிஜிஸ்டர் கிடையாது.

"பாவம் சார், அவங்களுக்குச் சம்பளம் கம்மி" என்பது அடுத்த வாதம். இதை ஒரு நாட்டில் நிஜமாகவே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் கானா என்று ஒரு தேசம். 2010-ல் போலீஸ்காரர்கள் சம்பளத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கினார்கள். நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் கொடுக்கிற காசு குறையும் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆவலோடு கணக்கெடுத்தார்கள். அது ஏறியிருந்தது! சம்பளம் உயர்ந்தவுடன் அந்தஸ்தும் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது.

இன்னொரு தேசம் ஜார்ஜியா. அங்கே 2004-ல் டிராஃபிக் போலீஸ் பிரிவையே ஒட்டுமொத்தமாகக் கலைத்தார்கள். ஆயிரக்கணக்கான பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புதுப் பையன்களைத் தேர்ந்தெடுத்து, பல மடங்கு சம்பளம் கொடுத்தார்கள். அதோடு நிற்காமல், அபராதத்தை பாங்கில் கட்டச் சொன்னார்கள். காசு கை மாறுகிற அந்த இடத்தையே எடுத்துவிட்டார்கள். மரத்தடிக் கடை படுத்துவிட்டது. ஆக, சம்பளம் மட்டும் போதாது. வேலை போய்விடும் என்ற பயம் வேண்டும். ரோட்டில் ரொக்கம் புழங்கக் கூடாது.

ரொக்கத்தை ஒழிக்க இங்கேயும் முயற்சி நடந்தது. 2018 மே மாதம் சென்னை டிராஃபிக் போலீஸ் ரொக்கமில்லாத அபராதத்துக்கு மாறியது. மெஷினில் தட்டினால் சலான் வரும். கார்டைத் தேய்க்கலாம், இல்லை பிறகு ஆன்லைனில் கட்டலாம். ஆகவே "கோர்ட்டுக்கு அலையணும், அரை நாள் லீவு போயிடும்" என்ற பழைய சாக்கும் இப்போது முக்கால்வாசி காலி. மெஷின் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. ஆனால் மெஷினை எடுக்கலாமா, வேண்டாமா என்று முடிவு செய்கிற ஐந்து நிமிஷம் இருக்கிறதே, அது இன்னும் மனுஷர்கள் கையில்தான் இருக்கிறது. நம் கையிலும்.

இன்னொரு சமாசாரம். லஞ்சம் வாங்குகிறவருக்குத்தான் தண்டனை என்று நினைத்துக்கொண்டிருந்தால் தப்பு. 1988-ல் வந்த ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-ல் திருத்தினார்கள். வாங்குகிறவருக்கு 3 முதல் 7 வருஷம். கொடுக்கிறவருக்கும் 7 வருஷம் வரை! மிரட்டி வாங்கினார்கள் என்றால், 7 நாளைக்குள் புகார் கொடுத்துவிட்டால் நீங்கள் தப்பலாம். அதாவது, 200 ரூபாய் கொடுத்துத் தப்பித்ததாக நாம் குஷியாக ஆபீஸ் போகும்போது, ஆயிரம் ரூபாய்க் குற்றத்தை விற்றுவிட்டு ஏழு வருஷக் குற்றத்தை வாங்கிக்கொண்டு போகிறோம். இதை வியாபாரம் என்று எந்த எம்.பி.ஏ.வும் சொல்லமாட்டான்.

ஒரு தப்பும் செய்யாமல் கொடுக்கிறவர்களும் உண்டு. விடியற்காலையில் மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றிவரும் சின்ன லோடு வண்டிக்காரரைக் கேளுங்கள். எல்லாப் பேப்பரும் சரியாக இருக்கும். ஆனாலும் "நில்லு, பார்க்கலாம்" என்று ஒரு மணி நேரம் நிறுத்தினால் கீரை வாடிவிடும். வாடுகிற கீரைக்கு வாதாடத் தெரியாது. அவர் 50 ரூபாயை நீட்டிவிட்டுப் போகிறார். நாம் ஆசையாய்க் கொடுத்த டீ செலவுதான் அவரிடம் அதிகாரமாய்க் கேட்கப்படுகிறது. நமக்கு அது தள்ளுபடி, அவருக்கு அது வரி.

அவரைப் போன்றவர்களுக்காகத்தான் லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. 1964-லிருந்து. முன்கூட்டியே புகார் கொடுத்தால் ரூபாய் நோட்டில் ஃபினால்ஃப்தலீன் என்கிற வெள்ளைப் பவுடரைத் தடவிக் கொடுப்பார்கள். வாங்கினவர் கையை சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் தண்ணீர் ரோஸ் கலராகும். எத்தனையோ பேருடைய சர்வீஸ் அந்த ரோஸ் தண்ணீரில் கரைந்திருக்கிறது.

நமக்கு அவ்வளவு கெமிஸ்ட்ரி வேண்டாம். லைசென்ஸ், ஆர்.சி.யை டிஜிலாக்கரில் போட்டு வையுங்கள். செல்போனில் காட்டினால் சட்டப்படி செல்லும். தப்பே செய்யாவிட்டால் மரியாதையாக, "எந்த செக்‌ஷன் சார்?" என்று கேளுங்கள். தப்பு செய்திருந்தால், "சலான் போட்டுடுங்க சார்" என்று சொல்லுங்கள். போலீஸ்காரரே ஹெல்மெட் இல்லாமல் வந்தால் அவருக்கு இரண்டு மடங்கு அபராதம் என்று அதே சட்டத்தில் 210-பி பிரிவு சொல்கிறது. அதை நடுரோட்டில் நின்று அவருக்கு ஞாபகப்படுத்த வேண்டாம். தெரிந்து வைத்துக்கொண்டால் போதும், முதுகு தானாக நிமிரும்.

சலான் கட்டினால் வயிறு எரியும், ஒப்புக்கொள்கிறேன். 200 ரூபாய் போனால் சாயங்காலத்துக்குள் மறந்துவிடும். 1,000 ரூபாய் போனால் நாலு நாள் தூக்கம் வராது. அஞ்சாம் நாள் காலையில், டேங்க் மேல் இருக்கிற ஹெல்மெட் தானாகத் தலைக்கு ஏறிவிடும்.