கைத்திறனுக்கும் மதிப்பளிப்போம்

பல்கலைக்கழகத்தில் இடங்கிடையாத பிள்ளையைத் தோற்றவனென ஒதுக்கும் மனப்பான்மை நம்மிடையே இன்னும் அகலவில்லை. இது பெருந்தவறென்போம்.

அமெரிக்காவில், இலினோய் மாநிலத்து ஜோலியற் நகரில் 1901இல் தோன்றிய கல்லூரியே சமுதாயக் கல்லூரிகளின் முன்னோடி. அத்தகைய கல்லூரிகளிலே பொறித்தொழில் நாடுவோரும் தேகப்பயிற்சியாளராக விழைவோரும் குறுகிய காலத்திற் சான்றிதழ் பெறுகின்றனர்.

நம் நாட்டின் தேசிய தொழிற் தகைமையும் 7 நிலைகளைக் கொண்டது. முதல் 4 நிலைகள் சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். பட்டறையில் உழைத்துப் பழகியவன் தன் அனுபவத்தை நிரூபித்தே சான்றிதழ் பெறவும் வழியுண்டு. கமக்காரரின் நீரிறைக்கும் இயந்திரத்தை வயலோரத்திலேயே கழற்றிப் பூட்டும் இளைஞனுக்கு இது நல்வாய்ப்பு.

தேகப்பயிற்சியையும் இலேசாகக் கருதலாகாது. உடற்கூறு அறியாதவன் பாரந்தூக்கக் கற்பித்தால், கேடுறுவது பயில்வோனின் முதுகெலும்பே!

ஆயின், விளங்காத மொழியிற் புகட்டும் தொழில் கைக்கு வாராது. தேசிய மொழியொன்றிற் கல்வி பெறும் உரித்தை 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 21ஆவது உறுப்புரை வழங்குகின்றது. எனவே பயிற்சியும் பரீட்சையும் தமிழில் நடத்தல் வேண்டுமெனக் கேட்பது இரப்பன்று.

பெற்றோரே, பிள்ளைகளைத் தயங்காது அனுப்புங்கள். ஏட்டிலுள்ள உரித்தை வகுப்பறைக்குக் கொணர்வது சட்டமறிந்த எமது கடன்.