அணைத்துப் போடும் முன்



ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் நம் இதழுக்கு வரும் கடிதங்களின் முதல் வரி பெரும்பாலும் 'நெட் போச்சு' என்பதுதான். சேலையூர், செம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் என்று தாம்பரத்தைச் சுற்றியுள்ள வாசகர்கள் பலர் இப்போது வீட்டிலேயே சின்னதாக ஒரு சர்வர் வைத்திருக்கிறார்கள். சிலரிடம் பழைய லேப்டாப், சிலரிடம் ராஸ்பெரி பை. அதில் பேரப்பிள்ளைகளின் படங்கள், வீட்டுப் பத்திரத்தின் நகல், வாசல் கேமராவின் பதிவு. நம் வீட்டுப் பொருளை நம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் இந்த ஆர்வம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அது ஒரு மழைக்காலக் கோளாறில் சலித்துப் போய்விடக் கூடாது என்பதற்காகவே இந்தப் பக்கம்.

கோளாறு என்றதும் எல்லோரும் சொல்வது, "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." பல நேரம் அது பலிக்கவும் செய்யும். ஆனால் வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலானவை தங்கள் குறிப்புகளைத் தற்காலிக நினைவில்தான் வைத்திருக்கும். அணைத்ததும் அவை அழிந்துவிடும். நாளை அதே கோளாறு திரும்பி வந்தால் கையில் ஒரு தடயமும் இருக்காது. அணைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள் என்று உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் விளக்குகள். ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி உங்கள் வீட்டுக்கே வந்து சேரவில்லை. பெட்டிக்குப் பின்னால் ஒயர் மடங்கியோ கழன்றோ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் கம்பத்துக்குக் கம்பம், மரத்துக்கு மரம் தொங்கிக்கொண்டு வரும் ஒயர் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. உயரமாகச் சரக்கேற்றிய லாரி இழுத்திருக்கலாம், அணில் கடித்திருக்கலாம், வடிகால் தோண்டிய ஜே.சி.பி. பதம் பார்த்திருக்கலாம். சர்வரை நோண்டி ஆகப் போவது ஒன்றுமில்லை, லைன்மேனைக் கூப்பிடுங்கள். சிவப்பு இல்லையென்றால் உங்கள் ரவுட்டரின் எண்ணுக்கு ஒரு பிங் அனுப்புங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1. பதில் வந்தால் வீட்டுக்குள் சிக்கல் இல்லை. அடுத்து, வெளி இணையத்தில் இருக்கும் 8.8.8.8. அதற்கும் பதில் வந்து, தளத்தின் பெயரை அடித்தால் மட்டும் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். பக்கம்தான் கோளாறு. வீடா, தெருவா, அதற்கு அப்பாலா என்பது இவ்வளவில் தெரிந்துவிடும்.

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருந்தார். வீட்டில் இருக்கும் எல்லா போனிலும் சர்வரில் உள்ள படங்கள் தெரிகின்றன. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு மட்டும் தெரியவில்லை. வெளியிலிருந்து வருபவரை ரவுட்டர் வழியே சர்வருக்கு அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் செய்தாயிற்று. ரவுட்டரின் பக்கத்தில் வெளி முகவரி என்ன காட்டுகிறது என்று கேட்டோம். 100.72 என்று தொடங்கும் எண் வந்தது. விடை அதிலேயே இருந்தது.

பழைய முறை ஐ.பி. முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. ஆசிய-பசிபிக் பகுதிக்கு அவற்றைப் பகிர்ந்து தரும் ஏப்னிக் அமைப்பின் பொது இருப்பு 2011 ஏப்ரலிலேயே தீர்ந்துபோனது. அதன்பின் நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளி முகவரியைத் தருகின்றன. அந்த வீடுகளுக்கு உள்ளுக்குள் கொடுப்பதற்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்ட எண்கள்தான் 100.64 முதல் 100.127 வரை தொடங்குபவை. உங்கள் ரவுட்டரில் அந்த எண் தெரிந்தால் போர்ட்டை எத்தனை முறை திறந்தாலும் வெளியிலிருந்து வருபவருக்கு வழி கிடைக்காது. கூடுதல் கட்டணம் கட்டி நிலையான முகவரி வாங்கலாம். இரு பக்கமும் புதிய முறையான ஐ.பி.வி6 இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். நான் சிபாரிசு செய்வது டெயில்ஸ்கேல் போன்ற தனி வழியை. குடும்பத்தாரின் கருவிகள் மட்டும் உள்ளே வரும். ஊர் உலகத்துக்கெல்லாம் கதவைத் திறந்து வைக்க வேண்டியதில்லை. ஆசிரியையின் மகன் இப்போது படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கரண்ட் போய் வந்ததும் சர்வர் காணாமல் போகிறது என்பது இன்னொரு பொதுவான புகார். ரவுட்டர் எழுந்ததும் எண்களைப் புதிதாகப் பங்கிட்டிருக்கும். சர்வருக்கு ஒரே எண் என்று ரவுட்டரிலேயே பதிந்துவிடுங்கள், தீர்ந்தது.

ஆனால் கரண்ட் விஷயம் இதோடு முடிவதில்லை. பழைய லேண்ட்லைன் போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் மணி அடித்தது. ஃபைபரில் மின்சாரம் வராது. பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நாம்தான் கொடுக்க வேண்டும். இரண்டும் பெரும்பாலும் 12 வோல்ட் என்பதால் சின்ன யு.பி.எஸ். போதும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும். மாடிப்படிக்குக் கீழே, மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில், தூசி படிந்த இரும்புக் கூண்டுக்குள் கேபிள்காரர் வைத்த சுவிட்ச் ஒன்று இருக்கும். அதற்கு பேட்டரி இல்லையென்றால் கரண்ட் போன அந்த நொடியே மொத்த பிளாக்குக்கும் நெட் போய்விடும். சங்கக் கூட்டத்தில் சொல்லி அதற்கொரு பேட்டரி போட வையுங்கள்.

கரண்டைப் போலவே வெள்ளத்துக்கும் தயாராக இருக்க வேண்டும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ. அடையாறு கரை மீறி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியாமல் 'தி இந்து' ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு அன்று அச்சாகவில்லை. 1878இல் தொடங்கிய பத்திரிகைக்கு வெள்ளத்தால் அப்படி ஒரு நாள் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் நம் புறநகரில் பல தெருக்கள் நாள் கணக்கில் கரண்டும் நெட்டும் இல்லாமல் கிடந்தன. தரைத்தளத்தில் இருப்பவர்கள் சர்வரை மேசைக்கு அடியில் வைக்கவே வேண்டாம். பரணில், காற்றோட்டம் இருக்கும் மூலையில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து, மேட்டுப் பகுதியில் இருக்கும் அக்கா வீட்டிலோ மச்சான் வீட்டிலோ கொடுத்து வையுங்கள். ரவுட்டர் எரிந்தால் கடையில் இன்னொன்று கிடைக்கும். அப்பாவின் குரல் பதிவு கிடைக்காது.

இனி எங்களுக்கு எழுதும்போது எந்த விளக்கு என்ன நிறத்தில் இருந்தது, எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் கரண்ட் போனதா, இடி இடித்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அணைப்பதற்கு முன் எடுத்த படம் ஒன்றும் இருந்தால் நல்லது. எங்கள் தொழில்நுட்பக் குழு ஒவ்வொரு கடிதத்தையும் படிக்கிறது. பலருக்கும் பொதுவான கோளாறுகளுக்கு அடுத்த இதழில் பதில் வரும்.

அன்புடன்,
ஆசிரியர்