நிரந்தரச் சலுகையும் நான்கு வருடச் சலுகையும்

சட்டத்துக்கும் சுற்றுநிருபத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. சட்டம் பாராளுமன்றத்தில் ஆரவாரத்தோடு நிறைவேறும்; பத்திரிகைகள் தலையங்கம் தீட்டும். பின்னர் ஒரு நாள் எவர் கண்ணிலும் படாமல் இரண்டு பக்கச் சுற்றுநிருபம் ஒன்று அதிபரின் மேசைக்கு வந்து சேரும். நமது இடமாற்றத்தையும் பதவி உயர்வையும் தீர்மானிப்பது அந்த இரண்டு பக்கமே. ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டி வரி விதிகளில் 2025ஆம் ஆண்டில் நேர்ந்த மாற்றங்களை விளங்கிக்கொள்வதற்கு இந்த அனுபவம் ஒன்றே நமக்குப் போதுமான வழிகாட்டியாகும்.

எமது பாடசாலையில் வர்த்தக பாடம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் ஆசிரியர் அறையில் இவ்விடயத்தைத் தொடக்கி வைத்தார். “ஹோட்டல் ஊழியர் வாங்குகிற சந்தோஷக் காசுக்கு வரியில்லை, மேலதிக நேர வேலைக்கு வரியில்லை. தொழிலாளிக்கு இதைவிட என்ன வேண்டும்? உங்கள் இடதுசாரிகள் எந்த நாட்டிலாவது இதைச் செய்தார்களா, சேர்?” என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தனர். நண்பரின் கேள்வி ஏளனத்துக்குரியதன்று. பல இலட்சம் அமெரிக்கத் தொழிலாளரும் இவ்வாறே எண்ணினர். ஆதலின் அதற்கு ஏளனத்தால் அல்ல, கணக்கால் விடையளிப்பதே முறையாகும்.

2025 யூலை 4ஆம் திகதி ஜனாதிபதி ட்ரம்ப் கையெழுத்திட்ட அச்சட்டம், ‘ஒரே பெரிய அழகிய மசோதா’ என்ற பெயரால் விளம்பரப்படுத்தப்பட்டது. செனற் சபையில் ஐம்பதுக்கு ஐம்பது என்று நின்ற வாக்கு, உப ஜனாதிபதியின் ஒற்றை வாக்கினால் சாய்ந்தது. மேடைகளில் முழங்கியது ஊழியரின் சலுகை. சட்டத்தின் பெரும்பகுதியோ வேறு.

முதலில் சந்தோஷக் காசை எடுத்துக்கொள்வோம். சமஷ்டிச் சட்டப்படி, வாடிக்கையாளரிடம் இத்தகைய காசு பெறும் பரிசாரகர் ஒருவருக்கு முதலாளி கொடுக்கவேண்டிய ஆகக் குறைந்த மணித்தியாலக் கூலி 2 டொலர் 13 சதம். இத்தொகை 1991இல் விதிக்கப்பட்டது. இன்றுவரை ஒரு சதமேனும் ஏறவில்லை. ஏனைய தொழிலாளருக்குரிய 7 டொலர் 25 சதம் என்ற ஆகக் குறைந்த கூலியும் 2009 முதல் அப்படியே கிடக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நிரப்புவது முதலாளியின் பணப்பெட்டி அன்று. மேசையில் அமர்ந்து உண்பவரின் இரக்கமே. கூலியை உயர்த்தினால் முதலாளியின் இலாபம் குறையும். இரக்கத்துக்கு வரிவிலக்கு அளித்தாலோ முதலாளிக்கு ஒரு சதமும் நட்டமில்லை, அரசுக்கே நட்டம். உழைப்பவனுக்குக் கூலி தரவேண்டிய கடமையை வாடிக்கையாளர் தலையிலும் திறைசேரி தலையிலும் கட்டிவிட்டு, அதற்குத் தொழிலாளர் நலன் என்று பெயர் சூட்டியுள்ளனர்.

சலுகையின் அளவையும் நோக்குவோம். ஆண்டொன்றுக்கு 25,000 டொலர் வரையான சந்தோஷக் காசை வருமானக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆனால் வருமான வரி செலுத்துமளவுக்கு வருமானம் உள்ளவனுக்கே கழிவினால் பயன். யேல் பல்கலைக்கழகத்தின் வரவுசெலவு ஆய்வுகூடம் 2022ஆம் ஆண்டுக் கணக்கை ஆராய்ந்து, இத்தொழிலாளரில் மூன்றிலொரு பங்கினருக்கு மேற்பட்டோர் சமஷ்டி வருமான வரி செலுத்தும் நிலையிலேயே இல்லை எனக் காட்டியது. அதாவது, ஆக வறியவனுக்குக் கிடைப்பது பூச்சியம். சமூகப் பாதுகாப்புக்கென அவனது சம்பளத்தில் வெட்டப்படும் வரியோ முன்போலவே வெட்டப்படும். அவன் உண்மையில் செலுத்தும் அந்த வரியைப் புதிய சட்டம் தொடவேயில்லை.

இனி நாம் முன்பு கூறிய ‘சுற்றுநிருபம்’. எது சந்தோஷக் காசு, யார் அதைப் பெறும் வழக்கமுடைய தொழிலாளி என்பதைத் திறைசேரி தீர்மானிக்கவேண்டும். 2025 செப்டெம்பரில் அது வெளியிட்ட வரைவு விதிகள் அறுபத்தெட்டுத் தொழில்களைப் பட்டியலிட்டன. வாடிக்கையாளர் மனமுவந்து கொடுப்பதே கணக்கில் சேரும். பெருங்கூட்டமாக வந்து உண்போரின் பற்றுச்சீட்டில் ஹோட்டல் தானாகவே சேர்க்கும் சேவைக் கட்டணம், அது முழுவதும் ஊழியர் கைக்குப் போனாலும், விலக்குக்குரியதன்று. நமது ஹோட்டல்களில் பத்து வீதம் என்று எழுதப்படுவதை ஒத்தது அது. ஊழியர் உரிமையோடு பெறுவதற்கு வரி உண்டு, தயவாகப் பெறுவதற்கு வரி இல்லை என்ற இந்த விதியை எழுதியவர் எவராயினும், தம் வர்க்கத்தின் மனத்தை அவர் நன்கு அறிந்தவர்.

மேலதிக நேர வேலையின் கதை இன்னும் சுவையானது. மணித்தியாலத்துக்கு 20 டொலர் பெறுபவன் மேலதிக நேரத்தில் 30 டொலர் பெறுவான். நமது நண்பர் எண்ணியதுபோல இந்த முப்பதுக்கும் விலக்கு என்பது தவறு. கூடுதலாகக் கிடைத்த பத்து டொலரை மட்டுமே கழிக்கலாம். பன்னிரண்டு வீத வரிப் படியில் நிற்கும் ஒருவன் வாரத்தில் பத்து மணித்தியாலம் கூடுதலாக உழைத்தால், கழிவு 100 டொலர். மிச்சம் 12 டொலர். இந்தப் பன்னிரண்டைப் பெறவும் கணக்குப் போடவேண்டியவன் அவனே. 2025ஆம் ஆண்டுச் சம்பளப் படிவத்தை மாற்றப்போவதில்லை என்று இறைவரிச் சேவை அறிவித்தது. இத்தொகைகளைப் பிரித்துக் காட்டாத முதலாளிமாருக்கு அவ்வாண்டுக்குத் தண்டம் இல்லை என்றும் அறிவித்தது. பின்னர் நவம்பரில் தொழிலாளிக்கு வழிகாட்டல் வந்தது: சம்பளத் துண்டில் மேலதிக நேரத் தொகை மொத்தமாகவே இருப்பின் அதை மூன்றால் வகுத்துக்கொள்க! பிரித்துக் காட்டும் பொறுப்பிலிருந்து முதலாளிக்கு அவகாசம். வகுக்கும் பொறுப்பு இரவு வேலை முடித்து வீடு திரும்பியவனுக்கு.

அன்றியும், சமஷ்டித் தொழிற் சட்டம் கட்டாயப்படுத்தும் மேலதிக நேரக் கொடுப்பனவுக்கே இச்சலுகை செல்லும். அச்சட்டம் விவசாயத் தொழிலாளரை 1938 முதல் மேலதிக நேர உரிமைக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. வெயிலில் பழம் பறிப்பவருக்கு இதில் பங்கில்லை. ஆசிரியரும் அவ்வாறே விலக்கப்பட்டவர். இரவிரவாக விடைத்தாள் திருத்தும் அமெரிக்க ஆசிரியைக்கு அது மேலதிக நேரமும் அன்று, கழிவுக்குரியதும் அன்று. நண்பரிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் முதன்முறையாகச் சிரிப்பை நிறுத்தினார்.

இச்சலுகைகள் யாவும் 2025 முதல் 2028 வரையே. 2028 டிசெம்பர் 31 நள்ளிரவோடு அவை காலாவதியாகும்.

மறுபக்கத்தைப் பார்ப்போம். கொம்பனிகள் வாங்கும் இயந்திரத்தின் முழு விலையையும் முதலாண்டிலேயே இலாபத்திலிருந்து கழித்துக்கொள்ளும் உரிமை, 2025 சனவரி 19க்குப் பின் வாங்கியவற்றுக்கு நூறு வீதமாக மீட்டளிக்கப்பட்டது. அதற்குக் கால எல்லை இல்லை. பிறருக்கு விட்டுச்செல்லும் சொத்தில் ஒருவருக்கு 1.5 கோடி டொலர் வரை மரண வரி இல்லை. இது 2026 முதல் நடைமுறை. அதற்கும் கால எல்லை இல்லை. 2017இல் 35 வீதத்திலிருந்து 21 வீதமாக இறக்கப்பட்ட கொம்பனி வரிக்கு அன்றே கால எல்லை வைக்கப்படவில்லை. தனிநபர் வரி விகிதங்களுக்கு அன்று வைத்த எல்லை 2025இல் நீக்கப்பட்டது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்நீக்கத்தால் உச்சப் படியில் இருப்போரின் குறைந்த விகிதமும் நிரந்தரமாயிற்று என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இயந்திரக் கழிவு வரியைத் தள்ளிப்போடுவதேயன்றி ஒழிப்பதன்று எனப் பொருளியலார் கூறுவர். சரி. தள்ளிப்போட்ட வரி என்பது அரசு தரும் வட்டியில்லாக் கடன். ஆண்டுதோறும் புதிய இயந்திரம் வாங்கும் பெருங்கொம்பனிக்கு அக்கடன் அடைபடும் நாள் வருவதில்லை. அத்தகைய கடன் ஒன்றைப் பரிசாரகருக்கு எவரும் நீட்டியதாகத் தெரியவில்லை.

சட்டத்தில் கிடைத்தது போதாதென்று சுற்றுநிருப வாயிலாகவும் கிடைத்தது. ஆண்டுக்கு நூறு கோடி டொலருக்கு மேல் இலாபம் காட்டும் கொம்பனிகள் குறைந்தது 15 வீதமேனும் செலுத்தவேண்டும் என 2022இல் காங்கிரஸ் சட்டமியற்றியது. அச்சட்டம் நீக்கப்படவில்லை. ஆயினும் 2025இல் திறைசேரி ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்தல்களை வெளியிட்டு அதன் பற்களைப் பிடுங்கிற்று. கிரிப்டோ நாணயங்களைக் குவித்து வைத்திருக்கும் கொம்பனிகளின் விலையேற்ற இலாபம், விற்கப்படாத வரையில், அக்கணக்கில் சேரவேண்டியதில்லை எனச் செப்டெம்பர் மாத அறிவித்தல் ஒன்று கூறியது. பங்குடைமைகளுக்குள் சொத்துக்களின் பெறுமானத்தை இடம் மாற்றி வரி தப்பும் தந்திரத்தை அடைத்தால் பத்து ஆண்டுகளில் 5,000 கோடி டொலருக்கு மேல் கிடைக்கும் என 2024 யூனில் அதே திறைசேரி கணித்தது. அதற்கான விதியை 2025 சனவரியில் முடிவாக்கியது. ஏப்ரிலில், புதிய ஆட்சியின் கீழ், அவ்விதியைக் கைவிடப்போவதாக அறிவித்தது. எந்தச் சபையிலும் இவற்றுக்கு வாக்கெடுப்பு நிகழவில்லை. எந்த மேடையிலும் எவரும் இவற்றைச் சொல்லி வாக்குக் கேட்கவில்லை.

விதியை எழுதுவது ஒன்று. அதை நிறைவேற்ற ஆள் வேண்டும். 2025இன் தொடக்கத்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் பணிபுரிந்த இறைவரிச் சேவை, சில மாதங்களில் நான்கிலொரு பங்கினரை இழந்தது. சம்பளக்காரனின் வருமானத்தை முதலாளியே அறிவித்துவிடுகிறான். அவனைப் பிடிக்கக் கணக்காய்வாளர் தேவையில்லை. ஆயிரம் பக்கப் பங்குடைமைக் கணக்கைப் பிரித்துப் பார்க்கவே அனுபவமுள்ளோர் வேண்டும். சாதாரண மக்கள் எவருக்கும் கட்டணம் செலுத்தாமல் அரசிடம் நேரடியாகத் தம் வரிப் படிவத்தைச் சமர்ப்பிக்க 2024இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 2025இல் இருபத்தைந்து மாநிலங்களுக்கு விரிந்த இலவசச் சேவையும் 2026ஆம் ஆண்டுக்கு இல்லை என்று நிறுத்தப்பட்டது. படிவம் நிரப்பித் தருவதாகக் காசு வாங்கும் கொம்பனிகளுக்கு அதுவும் ஒரு சலுகையே.

இத்தனைக்கும் காசு எங்கிருந்து வந்தது? காங்கிரசின் வரவுசெலவு அலுவலகம் இடதுசாரி அமைப்பன்று. பத்தாண்டுகளில் பற்றாக்குறை 3.4 இலட்சம் கோடி டொலரால் பெருகும் என்றும், 2034இல் மேலும் ஒரு கோடிப் பேர் மருத்துவக் காப்புறுதி இன்றி இருப்பர் என்றும் அது கணித்தது. உணவு உதவியும் வறியோருக்கான மருத்துவ உதவியும் வெட்டப்பட்டதால், ஆக வறிய பத்து வீதக் குடும்பங்கள் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 டொலரை இழக்கும். ஆகச் செல்வம் படைத்த பத்து வீதம் ஏறத்தாழ 13,600 டொலரைப் பெறும். நண்பரே, வாரத்துக்குப் பன்னிரண்டு டொலரை ஒரு கையால் கொடுத்தவர்கள் மறு கையால் எடுத்தது இது.

முதலீடு பெருகும், அதனால் வேலை பெருகும் என்பது அவரது கடைசி வாதம். அதற்கு நான் அமெரிக்காவுக்குச் செல்லவில்லை. 2019 டிசெம்பரில் நமது நாட்டில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. வேறு பல வரிகளும் குறைக்கப்பட்டன, நீக்கப்பட்டன. முதலீடு பொங்கும் என்றனர். 2022 ஏப்ரிலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என அறிவித்தோம். அந்த வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் அரசு கைவிட்ட வரி வருமானம் அவற்றுள் முக்கியமான ஒன்று. 2024 சனவரி முதல் 18 வீதம். கடைக்குப் போய் மாணவன் வாங்கும் கொப்பிக்கும் அப்பியாசப் புத்தகத்துக்கும் விலை ஏறியதை நாம் வகுப்பறையிலேயே கண்டோம்.

இங்கே நம்மவர் மீதும் ஒரு குறை சொல்லவேண்டியிருக்கிறது. முற்போக்கு எழுத்தாளர்கள் கூலிப் போராட்டத்தை எழுதினர், நிலப் பிரச்சினையை எழுதினர். வரியைக் கணக்கரின் வேலை என்று ஒதுக்கினர். தமிழில் ‘இறை’ என்ற ஒரே சொல் அரசனையும் வரியையும் குறித்து நிற்பதைப் பட்டப்படிப்பில் மனனம் செய்தோம். அச்சொல்லுக்குள் கிடந்த அரசியலை ஆராய்ந்தோமில்லை. அறிவித்தல் எண்களிலும் அட்டவணைகளிலும் ஒளிந்திருக்கும் வர்க்க நலனைப் படித்தறியாதவரை, மேடையில் ஒருவன் சந்தோஷக் காசைக் காட்டும்போதெல்லாம் நமது கூட்டம் கைதட்டவே செய்யும்.

அச்சட்டத்தின் ஓர் ஏற்பாடு நம் வீடுகளையும் எட்டுகிறது. அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 2026 சனவரி 1 முதல் ஒரு வீத வரி. குடியுரிமை அற்றோரிடம் ஐந்து வீதம் அறவிடுவதாகத் தொடங்கி, மூன்றரையாகி, கடைசியில் எல்லோருக்கும் ஒரு வீதமாயிற்று. வங்கிக் கணக்கிலிருந்தோ, அந்நாட்டு வங்கி அட்டையாலோ அனுப்புவோருக்கு இது இல்லை. கையில் காசாகவோ பணக்கட்டளையாகவோ கொண்டுபோய்க் கடைக் கூண்டருகே எண்ணி வைப்பவர், வங்கிக் கணக்கு இல்லாதவர், திறக்க அஞ்சுபவர், அவரே செலுத்துகிறார். ஆயிரம் டொலருக்குப் பத்து டொலர். இந்த வரிக்கு 2028 என்ற எல்லை விதிக்கப்படவில்லை.