வயதைப் பார்க்காதே, வண்டியைப் பார்!

பழைய கார் என்றாலே முகம் சுளிப்பது இன்று நாகரிகமாகிவிட்டது. "இன்னுமா இதை வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்காத விருந்தினர் இல்லை. பதினைந்து ஆண்டு ஆயிற்றா, பழைய இரும்புக் கடைக்கு அனுப்பு, புதியது வாங்கு, தவணையைக் கட்டு. இதுதான் நாட்டு நடப்பு. இதை நான் மறுக்கிறேன். ஆனால் பழையது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் கும்பிட்டுக் கொண்டாடும் கூட்டத்திலும் நான் சேர்ந்தவனல்லன். ஒரு வண்டி சாலையில் இருக்கலாமா கூடாதா என்பதை அதன் வயது தீர்மானிக்கக் கூடாது, அதன் நிலைதான் தீர்மானிக்க வேண்டும்; அந்த நிலையை அறிவதும் பெருமளவு சீர் செய்வதும் வீட்டு வாசலிலேயே நடக்கக் கூடிய வேலை. இவ்வளவுதான் என் கட்சி. இயற்பியல் மாணவன் கார் பட்டறையைப் பற்றி எழுதுவதா என்று நண்பர்கள் நகைக்கலாம். பட்டறையில் இருப்பதும் இயற்பியல்தானே!

நான் பேசுவது ஒரு அம்பாசடரைப் பற்றி. 1990-ஆம் ஆண்டு பதிவான பெட்ரோல் வண்டி. மயிலாப்பூரில் சித்திரக்குளத்தருகே ஒரு சந்தில் நிற்கிறது. உடையவர் என் பெரியப்பா, தவில் வித்துவான். முகூர்த்த நாளில் விடியற்காலை நான்கு மணிக்குத் தியாகராய நகரிலோ அடையாற்றிலோ உள்ள கல்யாண மண்டபத்துக்குப் போயாக வேண்டும். இரண்டு தவில், இரண்டு நாகஸ்வரம், சுருதிப் பெட்டி, இவற்றோடு நான்கைந்து ஆட்கள். அந்த வேளையில் இத்தனையையும் ஏற்றிக்கொள்ளும் ஆட்டோ கிடைக்காது. கிடைத்தாலும் கேட்கும் கூலியில் பாதிச் சன்மானம் போய்விடும். ஆகவே அந்தக் கார் பெரியப்பாவுக்கு அலங்காரமல்ல, அரிசி. அதன் மீட்டருக்கு ஐந்து இலக்கந்தான். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஆனதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மூன்று முறை பூஜ்யம் கண்டுவிட்டது.

பதினைந்து ஆண்டு முடிந்த சொந்தக் காருக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில், இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000 என்று ஆணை வந்தது. பசுமை வரி தனி. எங்கள் வண்டிக்குத் தவணை வந்ததும் அந்த 2025-இன் இறுதியில்தான். அதே வேளையில் வண்டி இழுவை குறைந்து, நின்ற இடத்தில் மிஸ் அடிக்கத் தொடங்கியது. ஒரு பட்டறையில் காட்டினோம். ஓட்டிக்கூடப் பார்க்காமல், "என்ஜின் முடிஞ்சுது சார். ரீபோர் போடணும், அறுபத்தைந்தாயிரம் ஆகும்" என்றார்கள். கட்டணத்தையும் சேர்த்தால் முக்கால் லட்சம். பெரியப்பா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

ட்யூன்-அப் என்றதும் கார்புரேட்டர் திருகாணியைத் திருப்பத் தொடங்குவது நம்மூர் வழக்கம். என்னைக் கேட்டால், கடைசியாகத் தொட வேண்டியதை முதலில் தொடுகிற வழக்கம் இது. வயதான என்ஜினுக்கு முதலில் பார்க்க வேண்டியது அமுக்கம், அதாவது கம்ப்ரெஷன். என்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, காயிலிலிருந்து வரும் வயரை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரை ஐந்தாறு சுற்றுச் சுழல விட வேண்டும். பிளக் துளையில் வைத்த கேஜ் சிலிண்டரின் உண்மையைச் சொல்லிவிடும். எங்கள் வண்டியில் மூன்று சிலிண்டர்கள் நூற்றிருபது பவுண்டுக்கு மேல் காட்டின. நான்காவது தொண்ணூற்றைந்தில் நின்றது. அந்தச் சிலிண்டரில் ஒரு கரண்டி என்ஜின் ஆயிலை விட்டு மறுபடி பார்த்தேன். ஆயில் விட்டதும் அமுக்கம் ஏறினால் குற்றம் பிஸ்டன் ரிங்கில் அல்லது சிலிண்டர் சுவரில். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில். ஏறவில்லை.

ஆக, ரீபோர் தேவையில்லை. ஒரு கரண்டி எண்ணெய் அறுபத்தைந்தாயிரம் ரூபாய்க்குப் பதில் சொல்லிவிட்டது! வால்வு ஏன் கெட்டது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. முன்பு பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. நஞ்சு என்பதால் 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் அதை நிறுத்தினார்கள். மிக நல்ல செயல். ஆனால் வார்ப்பிரும்பு ஹெட் உள்ள பழைய என்ஜின்களில் வால்வு அமரும் இடத்துக்கு அந்த ஈயப்படிவுதான் மெத்தை போல் இருந்தது. மெத்தை போனபின் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அமிழ்கிறது. டேப்பட் இடைவெளி அடைகிறது. முடிவில் வால்வு முழுதாக மூடாமல் அமுக்கம் கசிகிறது. டேப்பட்டை ஆண்டுக்கு ஒரு முறையேனும் பார்த்து வந்தால் இந்நோய் முற்றுவதற்குள் தெரிந்துவிடும். ஹெட்டைக் கழற்றிப் புதுப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்தோம். வால்வு தீட்டி, உறுதியான புதுச் சீட் வைத்துத் தந்தார்கள். ஒன்பதாயிரம் ஆயிற்று. (2014-இல் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றுபோன காருக்கு உதிரிபாகம் கிடைக்குமா என்று கேட்பவர்கள் புதுப்பேட்டையையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையையும் ஒரு நடை பார்த்து வரட்டும்.)

மற்றவையெல்லாம் வாசலில் செய்தவைதாம். டேப்பட் வைப்பதில் ஒரு கணக்கு வருகிறது. கணிதத் துறை நண்பர்களுக்குப் பிடிக்கும். எட்டு வால்வுகளை வரிசையாக எண்ணிக் கொள்ளுங்கள். எந்த வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழியுங்கள். வரும் விடைதான் இப்போது சரிபார்க்க வேண்டிய வால்வு. எட்டாவது திறந்திருந்தால் முதலாவது, ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. இந்த என்ஜினின் அமைப்பே இக்கணக்கைத் தருகிறது. யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அடுத்து பிளக். கழற்றிய பிளக்கின் நிறம் நாடி பார்ப்பது போன்றது. தேநீர்ப் பழுப்பு நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் மேலேறுகிறது. இடைவெளி 0.6 மில்லிமீட்டர் அளவு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டருக்குள். பாயிண்ட்டை வைத்த பிறகே டைமிங் பார்க்க வேண்டும். ஏனெனில் பாயிண்ட் இடைவெளி கூடினால் பொறி முந்தும், குறைந்தால் பிந்தும். முன்பின் மாற்றிச் செய்தால் இரண்டு வேலையும் வீண். டைமிங்குக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. பன்னிரண்டு வோல்ட் பல்பு ஒன்றும் இரண்டு வயரும் போதும். குறியிட்ட இடத்தில் என்ஜினை நிறுத்தி, இக்னிஷனைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினால், பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அந்த இடத்தில் இறுக்கிவிட வேண்டியதுதான். மின்சுற்றைக் கரும்பலகையில் மூன்றாண்டு பார்த்திருக்கிறேன். அந்தப் பல்பு எரிந்தபோது அடைந்த மகிழ்ச்சியைக் கரும்பலகை தந்ததில்லை. ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.

இவ்வளவும் முடிந்து, ஏர் ஃபில்டரையும் சுத்தம் செய்த பின்தான் கார்புரேட்டர். நாங்கள் அதைவிட அதிக நேரம் செலவிட்டது பெட்ரோல் குழாய்களில். இன்று பெட்ரோலில் இருபது விழுக்காடு எத்தனால். பழைய ரப்பர்க் குழாயையும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்தையும் அது இறுக்கும், ஊதவைக்கும், வெடிக்கவைக்கும். சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எத்தனாலுக்கு ஏற்ற குழாய் கடையில் கிடைக்கிறது. கேட்டு வாங்க வேண்டும். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆதலால் எவ்வளவு திறமையாக ட்யூன் செய்தாலும் மைலேஜில் நூற்றுக்கு ஆறேழு குறையத்தான் செய்யும். அதற்காகக் கார்புரேட்டரைத் திட்டுவது நியாயமாகாது.

எங்கள் வண்டி இப்போது லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் தருகிறது, முன்பு ஏழு. பெரியப்பா சொன்னார்: "தவிலுக்குத் தினம் வார் பிடிக்கிறேன். இவளுக்கும் பிடிக்கணும்னு இத்தனை நாளா யாருமே சொல்லலையேடா."

இனி எதிர்க்கட்சி. பழைய வண்டிகள் காற்றைக் கெடுக்கின்றன, அவற்றை ஒழித்தால்தான் ஊர் பிழைக்கும் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. 1990-ஆம் ஆண்டு அம்பாசடரில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கிடையாது. அதை எப்படி ட்யூன் செய்தாலும் 2020-க்குப் பின் வந்த பி.எஸ். 6 காருக்குச் சமமாகாது. அதை மறைத்து வாதாடுவது அறிவுக்கு அழகன்று. ஆனால் தினம் அறுபது கிலோமீட்டர் நெரிசலில் ஊரும் பராமரிப்பற்ற ஏழு வயது வண்டியையும், வாரம் இரண்டு நாள் மண்டபத்துக்குப் போய்வரும் செப்பனிட்ட முதிய வண்டியையும் வயதை மட்டும் வைத்து எடை போடுவது எந்தத் தராசு? டெல்லி வட்டாரத்தில் 2015-இல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018-இல் உச்ச நீதிமன்றமும் பத்தாண்டு டீசல், பதினைந்தாண்டு பெட்ரோல் என்று வரம்பு கட்டின. அந்நகரின் காற்று அப்படி. கடற்காற்று வீசும் சென்னைக்கும் அதே அளவுகோல் வேண்டுமென்று பேசுகிறவர்களைக் காண்கிறேன். பத்தாயிரம் ரூபாய்க் கட்டணம் புகையை அளக்கவில்லை, சட்டைப் பையைத்தான் அளக்கிறது. இருப்பவன் கட்டிவிட்டுப் புகை விட்டுக்கொண்டே போவான்.

அப்படியானால் சோதனை கடுமையாக இருக்கட்டும். பழைய பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு மூன்று விழுக்காட்டுக்குள் என்று வரம்பு உண்டு. ஆனால் புகைச் சான்றிதழ்ச் சோதனையை நின்றபடி ஐட்லிங்கில் மட்டுமே பார்க்கிறார்கள். அதற்கு முன் கலவைத் திருகாணியைச் சற்றுத் திருப்பிவிட்டு, சான்றிதழ் வாங்கியதும் மறுபடி திருப்புகிற சாமர்த்தியம் எல்லோருக்கும் தெரிந்ததே. வண்டியை ஓடவிட்டுச் சோதியுங்கள்; ஆண்டுக்கு இரு முறை சோதியுங்கள். தேறாததை, அது ஐந்து வயதாயினும், சாலையிலிருந்து இறக்குங்கள். எங்கள் வண்டி தேறாவிட்டால் நானே அதைத் தள்ளிக்கொண்டு போய் உடைக்குமிடத்தில் விடத் தயார். பெரியப்பா தயாரா என்பது வேறு விஷயம்.

வீட்டில் வேலை செய்வோர் ஒழுங்காக இருக்கிறார்களா? அதுவும் இல்லை. கழற்றிய பழைய ஆயிலைத் தெருவோர மழைநீர்க் கால்வாயில் ஊற்றிவிட்டுக் கை கழுவுகிறவர்களை மயிலாப்பூரில் நானே கண்டிருக்கிறேன். அது பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது, அங்கிருந்து கடலுக்கு. ஒரு அம்பாசடரில் நான்கு லிட்டர் அளவு ஆயில். டப்பாவில் பிடித்து, பழைய ஆயில் வாங்குகிறவரிடம் கொடுத்தால் காசும் தருவார். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிட்டு டைமிங் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

நம் கல்லூரி வாசலில் ஆசிரியர்களின் பழைய வண்டிகள் எத்தனை நிற்கின்றன என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். இயற்பியல் துறைக்கு ஒரு கம்ப்ரெஷன் கேஜும் ஒரு ஃபீலர் கேஜும் வாங்கித் தந்தால், மாதம் ஒரு சனிக்கிழமை அவற்றின் நாடியைப் பார்த்துச் சொல்ல மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நாங்கள் ஆறு பேர் இருக்கிறோம். மாணவர் பேரவை இதைப் பரிசீலிக்க வேண்டும்.