கோல்கீப்பருக்கு எட்டு விநாடி போதும்!

2025-லிருந்து ஃபுட்பால் ரசிகர்கள் மத்தியில் ஒரு புலம்பல் ஓடிக்கொண்டிருக்கிறது. "கோல்கீப்பர் பந்தை எட்டு விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னராம்! இதெல்லாம் ஒரு ரூலா?" என்கிறார்கள். என்னைக் கேட்டால், கோல்கீப்பர் விஷயத்தில் 1992-க்குப் பிறகு வந்த உருப்படியான ரூல் இது ஒன்றுதான். ஏன் என்று சொல்கிறேன், பிறகு திட்டுங்கள்.

மைதானத்தில் நிற்கிற 22 பேரில் 2 பேருக்கு மட்டும்தான் கை உண்டு. மற்ற 20 பேருக்கும் கை இருப்பது த்ரோ-இன் போடவும், ரெஃப்ரியிடம் முறையிடவும்தான். இவ்வளவு பெரிய சலுகையைக் கொடுத்துவிட்டு, அதற்கு எல்லை போடுவதற்குள் ஃபுட்பால் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

1912 வரை கீப்பர் தன் அணியின் பாதி மைதானம் முழுக்கப் பந்தைக் கையால் தொடலாம். சண்டர்லேண்டுக்கு ஆடிய வேல்ஸ் கீப்பர் லீ ரிச்மண்ட் ரூஸ், பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நடுக்கோடு வரை போய்விடுவாராம். 1912-ல் 'உன் பெனால்டி ஏரியாவுக்குள் மட்டும்' என்று சுருக்கினார்கள். இது இடத்துக்குப் போட்ட எல்லை. (இன்னொன்று, இங்கே கணக்கு பந்து இருக்கும் இடம்தான், கீப்பர் நிற்கும் இடமல்ல. கோடும் ஏரியாவில் சேர்த்தி.)

அடுத்தது 1990 உலகக்கோப்பை. இத்தாலியில் நடந்த அந்தத் தொடரில் 52 ஆட்டங்களில் வெறும் 115 கோல். அயர்லாந்து - எகிப்து ஆட்டம் மாதிரி சிலவற்றைப் பார்த்தவர்கள் பாவம். டிஃபெண்டர் கீப்பருக்குத் தட்டுவார், கீப்பர் கையில் எடுப்பார், உருட்டிவிடுவார், திரும்ப வாங்குவார். 1992-ல் 'உன் ஆள் வேண்டுமென்றே காலால் தட்டிவிட்ட பந்தைக் கையால் தொடாதே' என்று வந்தது. தலையாலோ நெஞ்சாலோ கொடுத்தால் தொடலாம். 1997-ல் சொந்த ஆள் போடும் த்ரோ-இன்னுக்கும் தடை. 'அய்யோ, ஆட்டம் செத்தது' என்று அப்போதும் அழுதவர்கள் உண்டு. இன்றைக்கு கீப்பர்கள் காலால் ஆடும் அழகுக்குக் காரணமே அந்த ரூல்தான்.

பாக்கி இருந்தது நேரம். 2000-ல் 'கையில் ஆறு விநாடிதான்' என்று எழுதி வைத்தார்கள். மீறினால் பெனால்டி ஏரியாவுக்குள்ளேயே எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக். பேப்பரில் பிரமாதம். மைதானத்தில்? பத்து, பதினைந்து, இருபது விநாடி வைத்திருந்தாலும் ரெஃப்ரிகள் வானத்தைப் பார்த்தார்கள்.

ஏன் தெரியுமா? தண்டனை பெரிது. டவுன் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனுக்கு 500 ரூபாய் அபராதம் என்றால் கண்டக்டர் வசூல் பண்ணிவிடுவார். அதே தப்புக்கு ஆயுள் தண்டனை என்றால்? "அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கோப்பா" என்று விட்டுவிடுவார். ஆறு விநாடி ரூலின் கதை இதுதான். ஒரு விநாடி தாமதத்துக்காக, மொத்த டீமும் கோல் லைனில் வரிசையாக நிற்க, கோலுக்கு மிக அருகிலிருந்து எதிராளி ஷாட் அடிக்கிற கூத்தை எந்த ரெஃப்ரி விரும்புவார்?

பரவாயில்லை, செத்த ரூல்தானே என்று விடமுடியாது. செத்த ரூல் திடீரென்று எழுந்து ஒருவரை மட்டும் கடிக்கும். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ், பெண்கள் அரையிறுதி, ஓல்ட் டிராஃபோர்ட். கிறிஸ்டின் சின்க்ளேர் மூன்று கோல் அடித்து, கனடா 3-2 என்று அமெரிக்காவை முந்தி நிற்கிறது. கடைசிக் கட்டத்தில் கனடா கீப்பர் எரின் மெக்லியோட் பந்தை அதிக நேரம் வைத்திருந்தார் என்று நார்வே ரெஃப்ரி கிறிஸ்டினா பெடர்சன் விசில் ஊதினார். அந்த ஃப்ரீ கிக் ஒரு கனடா வீராங்கனையின் கையில் பட்டது. பெனால்டி. அபி வாம்பாக் அடித்து 3-3. எக்ஸ்ட்ரா டைமின் கடைசியில் அலெக்ஸ் மார்கன் அடித்த கோலில் கனடா காலி. அமெரிக்கா தங்கம் வாங்கிக்கொண்டு போனது.

இதில் யார் தப்பு? புத்தகப்படி ரெஃப்ரி சரி. 'எல்லோரும் வைத்திருக்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன்' என்று கேட்டால் மெக்லியோடும் சரி. எல்லோரும் மீறுகிற ரூலை ஒருவர் மேல் மட்டும் பாய்ச்சினால் அதற்குப் பெயர் நியாயமல்ல, லாட்டரி. 2015-ல் யூரோப்பா லீகில் லிவர்பூல் கீப்பர் மிக்னோலேவுக்கும் இந்த லாட்டரி அடித்தது. போர்டோ அணிக்கு அதிலேயே கோல். கடைசியில் லிவர்பூல் 2-1 என்று தப்பித்தது.

2025 மார்ச்சில் ரூல் எழுதும் அமைப்பு (ஐஎஃப்ஏபி) செய்தது எளிய காரியம். நேரத்தைக் கூட்டியது, தண்டனையைக் குறைத்தது. எட்டு விநாடி, மீறினால் கார்னர். கடைசி ஐந்து விநாடியை ரெஃப்ரி கையைத் தூக்கி விரலால் காட்டுவார். 2025 ஆகஸ்டில், பிரீமியர் லீக் சீசனின் முதல் வாரத்திலேயே பர்ன்லி கீப்பர் டுப்ராவ்கா மாட்டினார். வானம் இடிந்து விழவில்லை. கார்னர் போட்டார்கள், ஆட்டம் நடந்தது.

இனி வழக்கமான எதிர்ப்புகள்:

1. "வீணான நேரத்தைக் கடைசியில் கூட்டிக்கொள்ளலாமே?" கூட்டலாம். ஆனால் எதிரணி வேகமெடுத்து மிரட்டும் அந்த நிமிடத்தின் சூட்டை எந்த ஸ்டாப் வாட்ச் திருப்பித் தரும்? கீப்பர் திருடுவது நேரத்தை விட அந்தச் சூட்டைத்தான்.

2. "எப்போது எண்ணத் தொடங்குவது என்பது ரெஃப்ரி இஷ்டம்." கீப்பர் பந்தைக் கட்டுக்குள் கொண்டுவந்து, எதிராளி யாரும் மறிக்காத நிலையில்தான் எண்ணிக்கை தொடங்கும். அதில் ரெஃப்ரியின் தீர்ப்பு உண்டுதான். ஆஃப்சைடிலும் ஃபவுலிலும் இல்லையா? இங்கே குறைந்தபட்சம் விரலைக் காட்டி எண்ணுகிறார். 2012-ல் ஸ்டேடியத்தில் யாருக்குமே அந்தக் கணக்கு தெரியாது.

3. "கார்னர் ரொம்ப லேசான தண்டனை." ஆமாம், அதுதான் வேண்டும்! பெரும்பாலான கார்னர்கள் கோலாவதில்லை. அதனால்தான் ரெஃப்ரி பயப்படாமல் கொடுக்கிறார். கொடுப்பார் என்று தெரிவதால் கீப்பர் பந்தைச் சீக்கிரம் விடுகிறார். கொடுக்காத கடுமையை விட, கொடுக்கிற லேசு மேல்.

கீப்பருக்குக் கையைக் கொடுத்தது பந்தைப் பிடிக்க, கட்டிப்பிடித்துத் தூங்க அல்ல. அடுத்த மேட்சில் ரெஃப்ரி விரலைத் தூக்கினால் திட்டாதீர்கள். கூடவே எண்ணிப் பாருங்கள், எட்டு விநாடி எவ்வளவு தாராளம் என்று புரியும்.