கிராமத்துப் பெண்ணுக்கு வேலைக்குப் போக மனம் இல்லையா?

"கிராமத்துப் பெண்களுக்கு வேலைக்குப் போக மனம் இல்லை" என்று சிலர் சொல்கிறார்கள்.

இது சரியா? சரி அல்ல. மனம் இருக்கிறது. வழிதான் இல்லை.

ஆசை எதற்கு?

பெண் ஏன் கூலி வேலைக்குப் போகிறாள்?

பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டும். மகளிர் குழுக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டும். அடகு வைத்த தோட்டை மீட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கையில் நாலு காசு இருந்தால், வீட்டில் அவள் பேச்சும் எடுபடும்!

தடை எது?

முதல் தடை, கூலி. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் என்று 1976-ல் சட்டம் வந்தது. ஆனாலும் வயலில் வித்தியாசம் போகவில்லை. நாற்று நடுவதும் களை எடுப்பதும் "பொம்பளை வேலை" என்று சொல்லி, கூலியைக் குறைத்துவிடுகிறார்கள். நாள் முழுவதும் முதுகு வளைவது யாருக்கு?

அடுத்தது, வீடு. கைக்குழந்தையை யார் பார்ப்பது? வேலை செய்யும் இடத்தில் ஒதுங்க மறைவு உண்டா? இருட்டிய பிறகு ஊருக்குப் பஸ் உண்டா?

மூன்றாவது, கௌரவம். கொஞ்சம் வசதி வந்ததும், "நீ இனி வேலைக்குப் போக வேண்டாம்" என்று நிறுத்திவிடுகிறார்கள்.

நூறு நாள் வேலை

2005-ல் ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்தது. 2006-ல் வேலை தொடங்கியது. ஜனங்கள் அதை 'நூறு நாள் வேலை' என்றார்கள்.

மூன்றில் ஒரு பங்கு வேலையாவது பெண்களுக்குத் தர வேண்டும் என்றது சட்டம். தமிழ்நாட்டில் நடந்தது என்ன? பல ஆண்டுகளில், ஐந்தில் நான்கு பங்கு வேலையைச் செய்தவர்கள் பெண்கள்தான்!

ஆண்கள் அதிகக் கூலி தேடி வெளியூர் போனதும் இதற்கு ஒரு காரணம். ஆனால் அது மட்டும் அல்ல. வேலை சொந்த ஊரில் கிடைத்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. அக்கம்பக்கத்துப் பெண்களோடு சேர்ந்து போகலாம். ஊர் வாய் அடைத்தது.

குறையும் இருந்தது. கூலி வாரக்கணக்கில் தாமதமானது உண்டு. அப்போது பெண்களின் உற்சாகமும் குறைந்தது.

எது கௌரவம்?

2021-ல் தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனது. நல்லதுதான். ஆனால் பஸ்ஸே வராத ஊரில் அதனால் என்ன பயன்?

பக்கத்தில் வேலை, சமமான கூலி, குழந்தைக்குக் காவல், நேரத்துக்குப் பஸ். இவற்றை அரசாங்கமும் முதலாளிகளும் தர வேண்டும்.

ஒன்றை மட்டும் வீட்டில் இருப்பவர்தான் தர முடியும். வேலை முடிந்து வரும் மனைவிக்காகக் கணவன் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வைக்கலாம். அதில் கௌரவம் குறையாது. குடும்பம் உயரும்!